கட்டைவிரல் மறைக்கும் மூன்று இலக்கங்கள்

பழைய ரோலெக்ஸ் வாட்ச் ஒன்றை விற்க நினைப்பவர் பத்துப் படமாவது எடுத்துப் போடுவார். டயல், பக்கவாட்டு, சாவி கொடுக்கும் திருகு, பின்மூடி. கடைசிப் படங்களில் ஒன்றில் வாரைக் கழற்றிவிட்டு, ஆறு மணிப் பக்கம் வார் மாட்டும் இரண்டு கொம்புகளுக்கு நடுவே உலோகத்தில் பொறித்திருக்கும் வரிசை எண்ணைக் காட்டுவார். முழுதாகக் காட்டமாட்டார். முதல் நான்கு இலக்கம் தெரியும். மிச்சம் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு கட்டைவிரல் நுனி இருக்கும், இல்லாவிட்டால் ஒரு கறுப்புப் பட்டை. வாங்க வருபவரும் ஏன் மறைத்தீர்கள் என்று கேட்கமாட்டார். நாளைக்கு அவர் விற்கும்போது அதையேதான் செய்யப்போகிறார்.

பழைய வாட்ச் பித்து புதிதாகப் பிடித்தவருக்கு இது விளங்காது. ஆதார் எண்ணை மறைக்கலாம், வங்கிக் கணக்கை மறைக்கலாம். அறுபது வருஷத்துக்கு முன்னால் சுவிட்சர்லாந்தில் ஒரு தொழிற்சாலையில் போட்ட எண்ணில் ஒளிக்க என்ன இருக்கிறது? இன்னொரு குழப்பமும் உண்டு. கிறிஸ்டீஸ் போன்ற ஏல நிறுவனங்கள் தங்கள் பட்டியலில் மூவ்மென்ட் (உள்ளே ஓடும் இயந்திரம்) எண்ணையும் கேஸ் (வெளிக்கூடு) எண்ணையும் முழுசாகவே அச்சிட்டு வந்திருக்கின்றன. கோடியில் விலைபோகும் வாட்சுக்கு இல்லாத கூச்சம் லட்ச ரூபாய் வாட்சுக்கு எதற்கு?

எண் எல்லா வாட்சிலும் ஒரே வேலையைச் செய்வதில்லை. பழைய சீக்கோவை எடுத்துக்கொள்ளுங்கள். பின்மூடியில் இருக்கும் எண்ணின் முதல் இலக்கம் வருடத்தின் கடைசி இலக்கம், இரண்டாவது மாதம். அக்டோபருக்கு ஓ, நவம்பருக்கு என், டிசம்பருக்கு டி. அதற்குப் பின்னால் வருவதுதான் தொடர் எண். பத்து வருஷம் கழித்து அதே எண் திரும்பவும் வரலாம். ஆகவே சீக்கோ எண் தனியாக எந்த ஒரு வாட்சையும் சுட்டாது. மாடலையும் சேர்த்துச் சொன்னால்தான் ஓரளவு பிடிபடும். பழைய ஒமேகாவில் எண் உள்ளே, மூவ்மென்ட்டின் மேல் இருக்கிறது. பின்மூடியைத் திறக்காமல் தெரியாது. படேக் பிலிப்பில் மூவ்மென்ட்டுக்கு ஓர் எண், கேஸுக்கு வேறோர் எண். இரண்டும் நிறுவனத்தின் பேரேட்டில் ஜோடியாக எழுதப்பட்டிருக்கும்.

ரோலெக்ஸ் கதை கொஞ்சம் சுவாரசியமானது. 1950-களின் நடுவில் அதன் எண்கள் பத்து லட்சத்தைத் தொடப்போகும் நேரத்தில் பின்னுக்குத் திரும்பின. அதனால் ஒரே ஆறு இலக்க எண் இரண்டு காலகட்டத்துக்குப் பொருந்தும் சிக்கல் வந்தது. பின்மூடியின் உட்புறத்தில் குத்தியிருக்கும் காலாண்டு முத்திரையைப் பார்த்துத்தான் எது எந்தக் காலத்தது என்று பிரிப்பார்கள். 1987 வாக்கில் எண்ணுக்கு முன்னால் ஓர் எழுத்து சேர்ந்தது. 2010 வாக்கில் வரிசையே போய்விட்டது; எழுத்தும் எண்ணும் கலந்த, எந்த ஒழுங்கும் இல்லாத குறியீடு வந்தது. அதைப் பார்த்து வெளியாள் யாரும் வாட்சின் வயதைச் சொல்லமுடியாது.

வரிசை எண் எவ்வளவு வாயாடி என்பதற்கு வாட்சோடு தொடர்பில்லாத ஒரு பழைய கதை உண்டு. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனி மாதம் எத்தனை டாங்கி செய்கிறது என்று நேச நாடுகளுக்குத் தெரியவேண்டியிருந்தது. 1940 ஜூன் முதல் 1942 செப்டம்பர் வரை மாதத்துக்குச் சுமார் 1,400 என்று உளவுத்துறை கணக்குச் சொன்னது. புள்ளியியல்காரர்கள் கைப்பற்றிய டாங்கிகளின் கியர்பெட்டி முதலிய பாகங்களில் இருந்த எண்களை மட்டும் வைத்துக் கணக்குப் போட்டு 246 என்றார்கள். போர் முடிந்தபின் ஜெர்மானியப் பதிவேட்டைத் திறந்தால் 245.

வாட்ச் சேகரிப்பாளர்கள் பல வருஷமாகச் செய்துவருவதும் கிட்டத்தட்ட அதே வேலைதான். பழைய வாட்சைப் பற்றி ரோலெக்ஸிடம் எழுதிக் கேட்டு ஆவணச் சான்று பெறும் வழக்கம் கிடையாது. லான்ஜீன்ஸ், படேக் போல அவர்கள் பேரேட்டைப் பார்த்துச் சொல்வதில்லை. இந்த டயல் எந்த எண்ணிலிருந்து எந்த எண் வரை வந்தது, இந்த முள் இந்தக் கேஸோடு பிறந்ததா, பின்னால் ரிப்பேரில் மாற்றியதா என்பதையெல்லாம் ஆயிரக்கணக்கானவர்கள் தங்கள் எண்ணைச் சொல்லிச் சொல்லித்தான் கண்டுபிடித்தார்கள். முக்குளிப்பவர்களுக்கான ரோலெக்ஸ் சப்மரீனர் 5513 மாடலில், தண்ணீரில் தாங்கும் ஆழத்தை முதலில் மீட்டரில் போட்ட டயல் 1960-களின் கடைசியோடு போய், அடியை முதலில் போட்டது வந்தது என்பது போன்ற துப்பெல்லாம் அப்படிக் கிடைத்தவை. எல்லோரும் எண்ணை முழுசாக ஒளித்திருந்தால் இந்த அறிவு இருந்திருக்காது.

ஆனால் இந்த ஆராய்ச்சிக்கு முழு எண் வேண்டியதில்லை. 1,782,*** என்றால் போதும். அடுத்த ஆயிரத்துக்குள் எங்கே இருந்தாலும் டயல் மாறப்போவதில்லை. முன்பாதி வாட்சின் காலத்தைச் சொல்கிறது. பின்பாதி எந்த வாட்ச் என்று சொல்கிறது. வரலாறு தேடுபவருக்கு முன்பாதி போதும். கட்டைவிரல் வைக்கும் பழக்கம் வந்த வழி இதுதான். யாரும் உட்கார்ந்து விதி எழுதவில்லை. இருந்தாலும் எனக்குத் தெரிந்து இணையத்தில் தானாக உருவான பழக்கங்களில் இவ்வளவு பொருத்தமானது குறைவு.

பின்பாதி தெரிந்தால் என்ன ஆகும் என்பதற்குப் பிரெகே நிறுவனத்தின் பேரேட்டைப் போல நல்ல சாட்சி இல்லை. 18-ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து ஒவ்வொரு கடிகாரத்துக்கும் எண் போட்டு, யாருக்கு விற்றோம் என்று எழுதிவைத்தவர்கள் அவர்கள். 1798-இல் எகிப்துக்குப் படையெடுத்துப் போவதற்கு முன் நெப்போலியன் மூன்று கடிகாரம் வாங்கியது அதில் இருக்கிறது. அவருடைய தங்கை, நேப்பிள்ஸ் அரசி கரோலின் மூரா, 1810-இல் மணிக்கட்டில் கட்ட ஒன்று செய்யச் சொன்னார். எண் 2639. உலகத்தில் முதன்முதலாக மணிக்கட்டுக்கென்றே செய்த கடிகாரம் என்று பிரெகே கொண்டாடுவது இதைத்தான். அந்தக் கடிகாரம் இன்று எங்கே இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. ஆனால் 1849-இல் அவருடைய மகள் கவுண்டஸ் ரஸ்போனி அதை ரிப்பேருக்குக் கொடுத்தார் என்றும், பாரிஸில் எந்தத் தெருவில் எந்தக் கதவு எண்ணில் குடியிருந்தார் என்றும் ரிப்பேர்ப் பதிவு சொல்கிறது. பொருள் போய்விட்டது, எண்ணோடு ஒட்டிய பெயரும் முகவரியும் நூற்றெழுபது வருஷம் தாண்டி நிற்கின்றன.

வரலாற்று ஆசிரியருக்கு அது புதையல். உயிரோடு இருக்கும் ஒருவருடைய முகவரியாக இருந்திருந்தால் வேறு கதை. படேக் பிலிப் இன்று தரும் ஆவணச் சான்றில் மூவ்மென்ட் எண், கேஸ் எண், செய்த வருடம், விற்ற தேதி எல்லாம் இருக்கும். வாங்கியவர் பெயர் இருக்காது. எண் அவர்களுடைய பேரேட்டில் ஒரு பெயரில் போய் முட்டக்கூடும். அந்தக் கடைசிக் கதவை மட்டும் அவர்கள் திறப்பதில்லை.

ஏல நிறுவனத்தின் துணிச்சலுக்கும் இங்கேதான் விடை இருக்கிறது. அவர்கள் எண்ணை முழுசாக அச்சிட்டாலும் உடைமையாளர் பெயரைப் பெரும்பாலும் அச்சிடுவதில்லை. ‘ஒரு கனவானின் சேகரிப்பிலிருந்து’ என்று ஒரு வரி, அவ்வளவுதான். நம் தனி விற்பனையாளருக்கு நிலைமை நேர் எதிர். அவர் படம் போடும் இணையக் கணக்கிலேயே அவர் பெயர் தெரியும், ஊர் தெரியும், சென்ற மாதம் குடும்பத்தோடு எங்கே போனார் என்பதும் தெரியும். அதனால் எண்ணை மறைக்கிறார். இரண்டு பேரும் ஒரே கயிற்றைத்தான் அறுக்கிறார்கள்; அவரவர் தங்கள் முனையில்.

சட்டமும் ஏறக்குறைய இங்கேயேதான் வந்து நிற்கிறது. 2023 நவம்பரில் ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம் ஸ்கானியா லாரி நிறுவனம் சம்பந்தப்பட்ட வழக்கில் வாகன அடிச்சட்ட எண்ணைப் பற்றித் தீர்ப்புச் சொன்னது. அந்த எண் தன்னளவில் தனிநபர் தகவல் கிடையாது. ஆனால் அதை ஒரு மனிதரோடு இணைக்க நியாயமான வழி யார் கையில் இருக்கிறதோ, அவரைப் பொறுத்தவரை அது தனிநபர் தகவல்தான். வாட்சைப் பற்றி அந்தத் தீர்ப்பு பேசவில்லை. ஆனாலும் தர்க்கத்தை இங்கே கொண்டுவந்து வைக்கத் தடை எதுவும் தெரியவில்லை. இந்தியாவின் 2023-ஆம் வருட டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்திலும் அடையாளம் காணத்தக்க ஒருவரைப் பற்றிய எந்தத் தரவும் தனிநபர் தரவுதான். கூடவே ஒரு விலக்கும் இருக்கிறது: ஒருவர் தானே முன்வந்து பொதுவெளியில் வைத்த தகவலுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது. எண்ணையும் பெயரையும் நீங்களே சேர்த்துப் போட்டுவிட்டால் அந்தச் சட்டத்திடம் போய் முறையிட முடியாது.

சரி, கெட்ட எண்ணம் உள்ளவன் இந்த எண்ணை வைத்து என்னதான் செய்வான்? எல்லோரும் முதலில் சொல்வது, போலி வாட்சில் என் எண்ணைப் பொறித்துவிடுவான் என்று. நடக்கும், போலி செய்பவர்களுக்கு நிஜமான எண் வேண்டும்தான். ஆனால் அவர்களுக்கு உங்கள் எண்தான் வேண்டும் என்றில்லை. ஏலப் பட்டியல்களில் வேண்டிய மட்டும் கிடைக்கிறது. இந்தப் பயத்துக்குக் கிடைக்கும் மரியாதை அதிகம் என்பது என் எண்ணம்.

இன்னொன்று இல்லாத வாட்சை விற்பது. உங்கள் படங்களை அள்ளிக்கொண்டு போய், வாட்ச் தன் கையில் இருப்பதாக இன்னொருவரிடம் முன்பணம் வாங்குவான். முழு எண் தெரியும் படம் இருந்தால் வாங்குபவர் இன்னும் சீக்கிரம் நம்புவார். இதற்காகத்தான் விவரம் தெரிந்தவர்கள் ஒரு துண்டுச் சீட்டில் பெயரும் இன்றைய தேதியும் கையால் எழுதி, வாட்சுக்குப் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்து அனுப்பச் சொல்கிறார்கள்.

உண்மையில் தூக்கத்தைக் கெடுக்க வேண்டியது மூன்றாவது. திருட்டுப் பதிவேடு. லண்டனில் கலைப்பொருள் திருட்டுப் பட்டியலை நடத்துபவர்களின் கிளையாக வாட்ச் ரெஜிஸ்டர் என்ற பதிவேடு இயங்குகிறது. கார்ட்டியே, ஐ.டபிள்யூ.சி முதலிய பெயர்களை வைத்திருக்கும் ரிஷ்மான் குழுமம் 2023-இல் என்கைரஸ் என்ற இலவசத் தளத்தைத் தொடங்கியது. காணாமல் போன வாட்சின் எண்ணை இவற்றில் ஏற்றிவிட்டால், பழைய வாட்ச் வாங்கும் வியாபாரி காசு கொடுக்கும் முன் தேடிப் பார்த்து நிறுத்திவிடுவார். நம் ஊரில் செல்போன் தொலைந்தால் அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் ஐ.எம்.இ.ஐ எண்ணைக் கொடுத்து முடக்குவதற்கு ஒன்றுவிட்ட தம்பி என்று வைத்துக்கொள்ளலாம்.

இதே கருவியைத் திருப்பிப் பிடித்தால் என்ன ஆகும்? உங்கள் வாட்சின் முழு எண்ணை வைத்துக்கொண்டு, அது தன்னுடையது, திருடுபோய்விட்டது என்று ஒருவன் பதியப் பார்க்கலாம். பொய்ப் புகாரைத் தடுக்கத்தான் இப்படிப்பட்ட இடங்களில் காவல்துறைப் புகார் விவரம் கேட்பது வழக்கம். ஆனால் எந்த நாட்டுக் காவல் நிலையத்தில் கொடுத்த புகார், எவ்வளவு ஆழமாக விசாரித்தார்கள் என்பதெல்லாம் வேறு விஷயம். பட்டியலில் எண் ஏறிவிட்டால் நிரூபிக்கும் சுமை உங்கள் தலையில். தாத்தா விட்டுப்போன வாட்சுக்கு ரசீது எங்கே தேடுவது? புதிதாகக் கடையில் வாங்கியவருக்குக் கவலை குறைவு, காகிதம் இருக்கும். பழம்பொருள் வைத்திருப்பவர்தான் காகிதம் இல்லாமல் நிற்பார். பழைய வாட்சுக்காரர்கள் எண்ணில் இவ்வளவு கூச்சப்படுவதற்கு இதைவிட நல்ல காரணம் எனக்குத் தோன்றவில்லை.

எண்ணுக்கு இருக்கும் மரியாதையே ஏமாற்றத் தோதாகிவிட்டதும் உண்டு. 2021 நவம்பரில் ஜெனீவாவில் பிலிப்ஸ் ஏலத்தில் ஒமேகா ஸ்பீட்மாஸ்டர் 2915-1 ஒன்று வந்தது. 1957-இல் வந்த முதல் ஸ்பீட்மாஸ்டர் மாடல். கறுப்பு டயல் வெயிலில் பழுத்துக் காப்பிக்கொட்டை நிறத்துக்கு வந்திருந்தது. ஒரு லட்சம் சுவிஸ் பிராங்கையொட்டிப் போகும் என்று மதிப்பிட்டிருந்தார்கள். 31 லட்சம் பிராங்குக்கு மேல் போனது. வாங்கியது ஒமேகாவேதான், தன் அருங்காட்சியகத்துக்காக. 2023-இல் உண்மை வெளிவந்தது: பல வாட்சுகளின் பாகங்களைச் சேர்த்துக் கட்டிய கலப்பு அது. தன் முன்னாள் ஊழியர்கள் மூவருக்கு இதில் பங்கு உண்டு என்று நிறுவனமே சொன்னது. பேரேட்டில் ஓர் எண் இருப்பது, அந்த எண்ணோடு ஒரு வாட்ச் ஒரு காலத்தில் தொழிற்சாலையை விட்டுப் போனது என்பதற்கு மட்டும்தான் சாட்சி. கண்முன் இருக்கும் உடம்பு அதே உடம்புதானா என்பதைப் பேரேடு சொல்லாது.

புது வாட்சுக்காரர்களுக்கு வேறொரு தலைவலி இருக்கிறது. பழம்பொருள் பேச்சில் அது அடங்காது, போகிற போக்கில் சொல்லிவிடுகிறேன். காத்திருப்புப் பட்டியலில் வாங்கிய வாட்சை மறுவாரமே லாபத்துக்கு விற்றால், எண்ணைப் பார்த்து எந்தக் கடை யாருக்குக் கொடுத்தது என்று நிறுவனத்தால் கண்டுபிடிக்கமுடியும். அதற்குப் பிறகு அந்தக் கடையில் அவர் முகத்துக்கு மரியாதை இருக்காது. இவர்கள் எண்ணை மறைப்பதைத் தனியுரிமை என்று சொல்ல எனக்குக் கொஞ்சம் தயக்கம்.

மறைப்பதால் நஷ்டமே இல்லை என்றும் நினைக்க வேண்டாம். யாருக்கும் தெரியாத எண் திருடனுக்கும் வசதிதான். பீட்டில்ஸ் பாடகர் ஜான் லெனனின் நாற்பதாவது பிறந்தநாளுக்கு 1980-இல் அவர் மனைவி யோகோ ஓனோ படேக் பிலிப் 2499 மாடல் வாட்ச் ஒன்றைப் பரிசளித்தார். பின்மூடியில் ஓனோ பொறிக்கச் சொன்ன வாசகமும் தேதியும் உண்டு. அது களவுபோய், ஜெர்மனிக்குப் போய், கைமாறி, ஹாங்காங்கில் வசித்த ஒரு சேகரிப்பாளரிடம் சேர்ந்தது. ஜெனீவாவில் மதிப்பீட்டுக்கு வந்தபோதுதான் ஓனோ பக்கத்துக்கு விஷயம் தெரிந்தது. 2024 நவம்பரில் சுவிட்சர்லாந்தின் கூட்டாட்சி நீதிமன்றம் வாட்ச் ஓனோவுக்கே சொந்தம் என்று முடித்துவைத்தது. இன்னதுதான் அது என்று ஐயமில்லாமல் காட்ட முடிந்ததால் வழக்கு உரிமை யாருக்கு என்பதைப் பற்றி மட்டும் நடந்தது. எல்லோர் மனைவியும் பின்மூடியில் வாசகம் பொறித்துத் தருவதில்லை. மற்றவர்களுக்கு அந்த வேலையைச் செய்ய எண் ஒன்றுதான் உண்டு.

அப்படியானால் முழு எண் சிலரிடம் இருக்கவேண்டும், ஊரிடம் இருக்கக்கூடாது. காசு கொடுக்கத் தயாராக இருக்கும் வாங்குபவர், காப்பீட்டு நிறுவனம், வீட்டில் ஒருவர். முழு எண்ணைத் தர மறுக்கும் விற்பனையாளரை நம்பக்கூடாது என்பதும் இதிலேயே அடங்கும். படத்தில் மறைப்பது வழக்கம். காசு கைமாறும்போதும் மறைத்தால் அங்கே வேறு ஏதோ இருக்கிறது.

மறைப்பதையும் பலர் அரைகுறையாகத்தான் செய்கிறார்கள். ஒரு படத்தில் பின்பாதியை மறைத்துவிட்டு, அடுத்த படத்தில் உத்தரவாதச் சீட்டைக் காட்டும்போது முன்பாதியை மறைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். இரண்டையும் பக்கத்தில் வைத்தால் முழு எண் கையில். பழைய ரோலெக்ஸ் சீட்டில் எண் ஊசித்துளையாகக் குத்தியிருக்கும். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து எடுத்த படத்தில் பின்பக்கத்திலிருந்துகூடப் படித்துவிடலாம். கட்டம் கட்டமாக மங்கலாக்குவதும் போதாது. ஒவ்வொரு இடத்திலும் மறைந்திருப்பது பூஜ்யம் முதல் ஒன்பது வரை பத்து இலக்கங்களில் ஒன்றுதான். ஒவ்வொன்றாக மங்கலாக்கிப் பொருத்திப் பார்க்கக் கணினிக்கு நேரம் ஆகாது. கறுப்புப் பட்டை மேல். வெட்டி எடுத்துவிட்டோம் என்ற நம்பிக்கையும் ஒருமுறை உடைந்திருக்கிறது. கூகுள் பிக்ஸல் போன்களின் படத்திருத்தச் செயலியில் வெட்டிய பகுதி கோப்புக்குள்ளேயே தங்கியிருந்து மீட்டெடுக்க முடிந்தது என்று 2023 மார்ச்சில் தெரியவந்தது. எல்லாவற்றையும்விட எளிய வழி, படம் எடுக்கும்போதே ஒரு துண்டுக் காகிதத்தை எண்ணின் மேல் ஒட்டிவிடுவது.

2000-களின் நடுவிலிருந்து வந்த ரோலெக்ஸ்களில் எண் கண்ணாடிக்கு அடியில், டயலைச் சுற்றியிருக்கும் உள்வளையத்திலும் இருக்கிறது. கையில் கட்டியபடி ஆசையாக எடுத்த நெருக்கப் படத்திலேயே அது தெரிந்துவிடும். படக் கோப்புக்குள் எடுத்த இடத்தின் அட்சரேகை தீர்க்கரேகை இருக்கக்கூடும் என்பதையும் நினைவில் வைக்கவேண்டும். கொள்ளைக்காரனுக்கு எண்ணைவிட அதுதான் பயன்.

யாரும் யோசிக்காத இடம் பின்மூடியின் உட்புறம். ரிப்பேர்காரர்கள் ஊசியால் கீறிய தேதியும் குறியும் அங்கே இருக்கும். இங்கிலாந்தில் சுற்றிவந்த பழைய கடிகாரங்களில் அடகுக்கடைக்காரர் கீறிய எண்ணும் இருப்பதுண்டு. யாரோ ஒரு குடும்பம் எந்தக் கஷ்டத்தில் எத்தனை முறை அதை வைத்து மீட்டது என்பதன் கணக்கு அது. பழைய உத்தரவாதச் சீட்டில் முதல் உடைமையாளரின் பெயர் கையெழுத்தில் இருக்கலாம், சிலவற்றில் முகவரியும். தன் எண்ணில் மூன்று இலக்கத்தை அக்கறையாக மறைக்கும் அதே ஆள் அந்தப் பெயரை அப்படியே விட்டுவிடுவதைப் பார்த்திருக்கிறேன். அந்த முதல் உடைமையாளரின் வீட்டார் இன்னமும் அதே கதவு எண்ணில் இருக்கலாம்.

நம் ஊர்ப் பக்கம் பரணில் கிடைக்கும் எச்.எம்.டி ஜனதாவுக்கு இவ்வளவு பாடு தேவையில்லை. ஆனால் அப்பாவோ தாத்தாவோ சிங்கப்பூரிலிருந்து வாங்கிவந்த ஒமேகா ஒன்று பீரோவில் தூங்கினால், அதன் எண்ணை வீட்டில் யாருமே பார்த்திருக்கமாட்டார்கள். எண் உள்ளே, மூவ்மென்ட்டில் இருக்கிறது. அடுத்த முறை எண்ணெய் போட ரிப்பேர் கடைக்குக் கொண்டுபோகும்போது, மூடியைத் திறந்த கையோடு ஒரு நிமிஷம் நிறுத்தச் சொல்லிப் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ரிப்பேர்காரர் கட்டைவிரலை நகர்த்தட்டும். இந்தப் படத்தில் எல்லா இலக்கமும் தெரியவேண்டும்.